சோலோதுர்னின் கிழக்கு வீதி

சோலோதுர்னில் கிழக்கு வீதி என்று ஒரு வீதி கிடையாது. நகர வரைபடத்தை விரித்து வைத்துத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் இந்த ஊரில் இருக்கிற எந்தத் தமிழரிடமும் "கிழக்கு வீதியிலை நில்லுங்கோ, பத்து நிமிசத்திலை வாறன்" என்று சொல்லிப் பாருங்கள். நேரே போய்ப் புனித உர்சுஸ் பேராலயத்தின் பெரிய படிக்கட்டுக்கு முன்னால் நிற்பார்.

பெயர் வைத்தவர் என் கணவர் சண்முகலிங்கம். 1991 கார்த்திகையில், மூடுபனி ஊரையே விழுங்கிக் கிடந்த ஒரு நாளில், அகதிகள் விடுதியில் இருந்த வேறு நான்கு பேரோடு ஊர் பார்க்கப் போனாராம். ஐந்து பேருக்கும் ஜெர்மன் தெரியாது. தெருப் பெயர்களை வாசித்தால் நாக்குச் சுளுக்கும். இவர்தான் பேராலயத்தைக் காட்டி, "இது கோயில். கோயில் எண்டால் வாசல் கிழக்கைப் பாத்துத்தான் இருக்கும். அப்ப முன்னுக்கு இருக்கிறது கிழக்கு வீதி, பின்னுக்கு மேற்கு வீதி" என்று நாலு வீதியையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஆற்றுப் பக்கம் வடக்கு வீதி ஆனது. மலைப் பக்கம் தெற்கு வீதி ஆனது. யாழ்ப்பாணத்தில் வழி சொல்லும்போது நாங்கள் இடம் வலம் பார்ப்பதில்லை, "கோயிலுக்கு வடக்காலை, சந்தைக்கு மேற்காலை" என்றுதான் சொல்வோம். ஆகவே அந்த ஐந்து பேருக்கும் அன்றைக்கே ஊர் பிடிபட்டுவிட்டது. பிறகு வந்தவர்களும் அந்தப் பெயர்களையே பிடித்துக்கொண்டார்கள்.

நான் 2004இல் கலியாணம் கட்டி வந்தேன். பெயர் சிவகலா. எனக்கு ஊரைக் காட்டித் தந்தவரும் இவர்தான். புகையிரத நிலையம் வடக்கே, ஆற்றைக் கடந்தால் பழைய நகரம், அதற்கும் தெற்கே வைசன்ஸ்டைன் மலை. வீடு நிலையத்துப் பக்கம். எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். காலை ஆறு மணிக்குப் பாலம் ஏறி, பேராலயத்தைத் தாண்டி, பாசல் வாசல் என்கிற பழைய கோட்டை வாசலுக்குள்ளால் வெளியே போவேன். இருபது வருடம் நடந்த வழி. கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேருவேன் என்று பெருமையடிப்பேன்.

சூரியனைப் பார்த்துக்கூடவா திசை தெரியவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த நாட்டுச் சூரியனை யார் நம்புவார்கள்? மார்கழியில் ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும், ஆனியில் இன்னொரு மூலையில் வந்து நிற்கும். ஐப்பசி முதல் மாசி வரைக்கும் ஆரே ஆற்றுப் பனி மூடினால் சூரியன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கிழக்கு வீதி என்பது எனக்குத் திசையே அல்ல. அது ஒரு விலாசம், அவ்வளவுதான்.

கதை என் குடியுரிமையைப் பற்றியது. இவர் 2009இலேயே சுவிஸ்காரர் ஆகிவிட்டார். மகள் கிருசிகாவும் சிறு வயதில் அவரோடு சேர்ந்து ஆனாள். நான் மட்டும் சி விசா என்கிற நிரந்தர வதிவிட அனுமதியோடு இருந்தேன். 2019இல் விண்ணப்பித்தேன். நகரத்தின் குடியுரிமைக் குழு நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. போய் இருந்தேன், வாய் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை. ஐந்து பேர் வரிசையாக இருந்து பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. "இன்னும் சிறிது காலம் கழித்து முயன்று பாருங்கள்" என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்தது.

பாஸ்போர்ட்டின் நிறம் எனக்குப் பெரிய விசயம் இல்லை. எனக்கு வேண்டியது வாக்கு. இந்த நாட்டில் சட்டங்களை மாற்றலாமா என்று மக்களிடமே கேட்பார்கள்; அதற்கு வருடத்துக்கு நாலு தடவை தபாலில் வாக்குச் சீட்டு உறை வரும். இவர் அதைக் குசினி மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு, "இதுக்கு என்ன போட?" என்று என்னைத்தான் கேட்பார். நான் அதோடு வரும் விளக்கப் புத்தகத்தை வாசித்து, விளங்கி, ஓம் அல்லது இல்லை என்று சொல்வேன். சில நேரம் நான் சொன்னதைப் போடுவார், சில நேரம் போடமாட்டார். கேட்டால், "நான் போட்டால் நீர் போட்ட மாதிரித்தானே" என்பார். போன வருடம் கிருசிகாவுக்குப் பதினெட்டு வயது. அவளுக்கும் உறை வந்தது. என்ன போட்டாய் என்று கேட்டேன். "அது இரகசியம், அம்மா" என்று உறையை ஒட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்பட்டேன் என்று சொல்ல வெட்கம்தான், ஆனால் பட்டேன். அடுத்த கிழமையே மறுபடி விண்ணப்பித்தேன். இந்த முறையும் இல்லை என்றால் இனி இந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று மனதுக்குள் முடிவு எடுத்திருந்தேன்.

படிப்பதற்கு ஊரைப் பற்றி ஒரு கையேடு தந்தார்கள். முன் பாதி வரலாறு, பின் பாதி புவியியல். வரலாற்றை வரி வரியாகப் பாடமாக்கினேன். வேலையில் மூன்று சலவை இயந்திரங்களும் சுற்றிக்கொண்டிருக்க, ரோமர் காலத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வருவேன். உர்சுஸ், விக்டர் என்ற இரண்டு ரோமச் சிப்பாய்கள் தங்கள் மதத்தை விடமாட்டோம் என்று நின்று தலை வெட்டுப்பட்டார்கள். வெட்டுப்பட்ட தலைகளைத் தாங்களே கையில் ஏந்திக்கொண்டு ஆற்றில் இருந்து கரையேறினார்கள் என்று கதை. 1481இல் பதினோராவது மாநிலமாகக் கூட்டாட்சியில் சேர்ந்தது. அதனால் இந்த ஊருக்குப் பதினொன்றில் ஒரு பைத்தியம்: பேராலயத்தில் பதினொரு மணி, பதினொரு பலிபீடம், வாசல் படிக்கட்டு பதினொன்று பதினொன்றாக மூன்று அடுக்கு. பன்னிரண்டு இல்லாமல் பதினொரு மணியோடு நிற்கும் ஒரு கடிகாரம்கூட இருக்கிறது. பிரெஞ்சு மன்னரின் தூதுவர் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் இங்கேதான் இருந்தார். பாசல் மறைமாவட்டத்தின் ஆயர் பாசலில் இல்லாமல் இங்கே இருக்கிறார். இது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை, ஆனால் ஆண்டு மட்டும் தெரியும்: 1828.

கிருசிகா மாலையில் கேள்வி கேட்பாள். ஒரு நாள் பின் பாதியைத் திருப்பி, "அம்மா, இனி புவியியல்" என்றாள்.

"அதை விடு. இருபது வருசம் நடந்து திரியிற ஊர். எனக்குத் தெரியாததோ?" என்றேன்.

"வரைபடம் இருக்கு. ஒருக்காப் பாருங்கோ."

"வரைபடம் வெளியூர்க்காரருக்கு" என்று கையேட்டை வாங்கி மூடினேன். என் தலைக்கனம், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

நேர்முகம் புரட்டாதி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு. அறையில் ஒரு நீள மேசை, அதன் பின்னால் ஐந்து பேர். தலைவியின் பெயர் பிராவ் அம்மன், அதாவது திருமதி அம்மன். சத்தியமாக அதுதான் குடும்பப் பெயர், இங்கே நிறையப் பேருக்கு உண்டு. கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்த நாளே, சரி, சாமியே நேரில் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பக்கத்தில் ஹெர் புளூரி என்று ஒரு முதியவர், ஓய்வு பெற்ற தபால்காரர். மற்ற மூன்று பேரும் அதிகம் கதைக்கவில்லை. எல்லாம் ஜெர்மனில் நடந்தது.

வரலாற்றில் என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை. பிராவ் அம்மன் கேட்கக் கேட்க நான் பொரிந்து தள்ளினேன். மணிகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, கேட்காமலே பலிபீடங்களின் எண்ணிக்கையையும் சொன்னேன். ஹெர் புளூரி சிரித்தார். தொண்டை அடைக்கவில்லை. முடிந்தது, வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது பிராவ் அம்மன் ஒரு தாளை என் முன் தள்ளினார். வெள்ளைத் தாள். நடுவில் ஆரே ஆறு மட்டும் நீலக் கோடாக வளைந்து ஓடியது. மேல் மூலையில் வடக்கைக் காட்டும் ஒரு சிறிய அம்புக்குறி.

"பேராலயம், பழைய நகரம், புகையிரத நிலையம், வைசன்ஸ்டைன், இரண்டு கோட்டை வாசல்கள். இவற்றைக் குறியுங்கள். உங்கள் வேலையிடத்தையும் குறிக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதுதானா? பென்சிலை எடுத்துக் கடகடவென்று வரைந்தேன். ஆற்றுக்குக் கீழே பேராலயம், வாசல் கிழக்கே பார்த்தபடி. அதற்கு முன்னால் கடைத்தெரு. கடைத்தெரு முடிகிற இடத்துக்கு அங்கால் பீல் வாசல், கிழக்கு ஓரத்தில். பேராலயத்துக்குப் பின்னால், மேற்கில், பாசல் வாசல். அதையும் தாண்டி என் சலவை இயந்திரங்கள். மேலே, ஆற்றுக்கு வடக்கே, நிலையமும் எங்கள் வீடும். அடியில், தெற்கே, மலை. பாலங்களையும் போட்டேன். தண்ணீர் குடிக்கிற ஊற்றுகளையும் பேருந்துத் தரிப்பிடங்களையும் போட்டேன். கேட்டதை விட இரண்டு மடங்கு போட்டு, தாளைத் திருப்பித் தந்தேன்.

 தாள் கை மாறி மாறிப் போனது. கடைசியில் இருந்த இளம் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"திருமதி சண்முகலிங்கம்," என்றார் பிராவ் அம்மன், "வைசன்ஸ்டைன் தெற்கில் என்று போட்டிருக்கிறீர்கள்."

"ஓம். தெற்காலைதான்."

"பீல் நகரம் எங்களுக்கு எந்தப் பக்கம்?"

"மேற்கு" என்றேன். ரயிலில் எத்தனை தரம் போயிருக்கிறேன், அது எனக்குத் தெரியும். சொன்ன பிறகுதான் தாளைப் பார்த்தேன். பீலுக்குப் போகிற வாசலை நான் கிழக்கில் வைத்திருந்தேன்.

 2019இல் வந்த அதே அடைப்புத் தொண்டைக்குள் ஏறியது.

ஹெர் புளூரி மெதுவாகக் கேட்டார். "கோடை காலத்தில், பின்னேரம், பேராலயப் படிக்கட்டில் இருந்து கடைத்தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் எங்கே இருக்கும்?"

படிக்கட்டில் இருந்திருக்கிறேனா? ஒவ்வொரு கோடையிலும் அங்கே இருந்துதான் ஐஸ்கிரீம் குடிப்போம். வெயில் நேரே கண்ணில் குத்தும். கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டுதான் கதைப்போம். பின்னேர வெயில். முகத்துக்கு நேரே. அப்படியென்றால் அந்த வாசல் மேற்கே பார்க்கிறது. நான் வந்த இருபது வருடமாக மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் நின்ற கிழக்கு வீதி மேற்கு. என் வீடு தெற்கு. அந்த நாற்காலியில் இருந்தபடியே ஊர் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி என் தலைக்குள் மறுபுறமாக வந்து நின்றது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

பேசாமல் இருந்தால் போன முறை மாதிரியே முடியும் என்று தெரிந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, ஆனால் கோபம் தொண்டையைத் திறந்துவிட்டது.

"நான் பிழையாத்தான் போட்டிருக்கிறன்," என்றேன். "ஆனால் ஏன் பிழைச்சது எண்டு சொல்லவேணும். எங்கட கோயில்களிலை சாமி கிழக்கைப் பாத்துக்கொண்டு இருக்கும். அதாலை வாசல் அநேகமா கிழக்கிலைதான். இஞ்சை முதல் வந்த தமிழாக்கள் உங்கட பேராலயத்தையும் அப்பிடியே நினைச்சு வீதிகளுக்குப் பேர் வைச்சவை. நான் அந்தப் பேரிலைதான் ஊரைப் பழகினனான். உங்கட கோயிலிலை ஆக்கள் கிழக்கைப் பாத்துக் கும்பிடுகினம் போலை. அதாலை வாசல் பின்னுக்கு, மேற்கிலை. இது எனக்கு இப்பத்தான் விளங்குது."

பிராவ் அம்மன் பக்கத்தில் இருந்தவரிடம், "நாங்கள் கிழக்கைப் பார்த்தா இருக்கிறோம்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. இளம் பெண் கைப்பேசியை எடுத்துத் தேடினாள். "ஆமாம், கிழக்கு" என்றாள். பிறந்ததில் இருந்து அங்கே போகிறவர்களுக்கு அது புதினமாக இருந்தது.

ஹெர் புளூரி என் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, விரலால் தெருத் தெருவாகப் போனார். "நாற்பது வருடம் இந்த ஊரில் கடிதம் கொடுத்தேன். ஒரு தெருகூடத் தவறவில்லை. ஊற்றுகள்கூடச் சரியான இடத்தில் இருக்கின்றன" என்றார்.

"கேள்வி திசைகளைப் பற்றியது," என்று பிராவ் அம்மன் சொன்னார். அவர் வன்மமாகச் சொல்லவில்லை, விதியைச் சொன்னார். தாளின் மூலையில் எதையோ எழுதினார். பிழை என்றுதான் எழுதியிருப்பார். பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டார். "ஏன் சுவிஸ் குடியுரிமை வேண்டும்?"

இதற்கு ஒரு நல்ல பதிலைக் கிருசிகா எழுதித் தந்திருந்தாள். நாட்டின் விழுமியங்கள், பங்களிப்பு என்று அழகாக இருந்தது. அது மறந்துபோய்விட்டது.

"என்ரை மனுசன் வாக்குப் போட்டால் நான் போட்ட மாதிரி எண்டு சொல்லுறார். அப்பிடி இல்லை. நான் போட்டால்தான் நான் போட்டது" என்றேன்.

பிராவ் அம்மன் அதையும் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நன்றி, முடிவைத் தபாலில் அறிவிப்போம் என்றார்.

வீட்டுக்கு வந்து, நல்லாய்ப் போனது என்று மட்டும் சொன்னேன். வரைபடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தோற்றுவிட்டேன் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊருக்குப் பெயர் வைத்த மனிதன் என்று இன்றைக்கும் விழாக்களில் இவரைச் சொல்லிச் சிரிப்பார்கள். இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். முப்பத்துமூன்று வருடமாகப் பிழையான திசையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்று அந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? ஒரு நாள் சிநேகிதி பத்மினி தொலைபேசியில், "கிழக்கு வீதியிலை நிக்கிறன், வா" என்றாள். எனக்கு ஒரு கணம் எங்கே போவதென்று தெரியவில்லை. இருபது வருடத்தில் முதல் தரம் அந்த ஊரில் வழி தடுமாறினேன்.

ஆறு கிழமை இப்படிப் போனது. ராத்திரியில் நித்திரை வராது. திருப்பித் திருப்பி அந்தத் தாளை மனதில் வரைவேன், இந்த முறை சரியாக. வேலையில் மேலாளர் ஏன் முகம் வாடிக் கிடக்கிறது என்று கேட்டார். பல்வலி என்றேன்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை வேலையால் வந்தபோது குசினி மேசையில் கடிதம் கிடந்தது. இவர் ஏற்கனவே உடைத்திருந்தார். வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் இவர்தான் உடைப்பார், அது இந்த வீட்டு வழக்கம். முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றார்.

"பாஸ்!" என்றார். "பாத்தீரே, நான் சொன்னனான்தானே."

வாங்கி வாசித்தேன். குழு என் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. இனி மாநிலமும் கூட்டாட்சியும் கையெழுத்திட வேண்டும், ஆனால் மனிதரைப் பிழிந்தெடுக்கிற இடம் இதுதான், அது தாண்டியாயிற்று. நான் கதிரையில் இருந்து அழுதேன். இவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி கூடிப் போயிருந்தது, ஆனாலும் குடித்தேன். அன்றைக்கு இவர் மேல் எனக்கு நிறைய அன்பு இருந்தது. அதனால்தான், இனி மறைத்து வைப்பது சரியில்லை, பக்குவமாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன்.

"இஞ்சருங்கோ," என்றேன், "நான் ஒண்டு சொல்லுறன், கவலைப்படக் கூடாது. அண்டைக்கு வரைபடத்திலை நான் பிழை விட்டனான். உங்கட கிழக்கு வீதி உண்மையிலை கிழக்கு இல்லை. மேற்கு. எல்லாமே மறுவளமா இருக்கு."

இவர் முகம் வாடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கடகடவென்று சிரித்தார்.

"அது எனக்குத் தெரியுமே!"

"எப்ப தெரியும்?"

"வந்த முதல் வெயில் காலமே தெரிஞ்சிட்டுது. பின்னேரம் படியிலை இருக்க வெயில் முகத்திலை அடிக்குது. அப்பவே விளங்கிற்று. ஆனால் அதுக்குள்ளை எல்லாருக்கும் வாயிலை வந்திட்டுது. இனி ஏன் மாத்துவான் எண்டு விட்டிட்டன். முதல் வந்த ஆம்பிளையள் எல்லாருக்கும் தெரியும்."

தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன்.

"அப்ப நான் வரேக்கை உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், இது வடக்கு, இது தெற்கு எண்டு காட்டினீங்கள். அண்டைக்கும் தெரியும்."

"ஓம், ஓம். அதுக்கென்ன?"

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதைச் சொல்ல வேண்டும். மனதில் கள்ளம் இல்லாத மனிதர். தேடிப் பார்த்து, கிடைத்ததை அப்படியே சொன்னார்.

"நீர் தனிய எங்கை போகப்போறீர் எண்டு நினைச்சன்."

எனக்கு உடனே கோபம் வரவில்லை.  அடித்திருந்தாலும் இவ்வளவு நொந்திருக்காது. இவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. எனக்குத் திசை தேவைப்படும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் விசயம். ஐந்து அந்நியர்கள் மேசை போட்டு இருந்து, உனக்கு இந்த ஊர் தெரியுமா என்று என்னைக் கேட்டார்கள். என் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

எழும்பினேன். குளிர்ச்சட்டையைப் போட்டேன். வெளியே நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

"என்ன, வெளிக்கிட்டாச்சு? கடைக்கோ?" என்று கேட்டார். "நில்லும், நானும் வாறன்."

"நீங்கள் இருங்கோ."

"அப்ப எங்கை போறீர்?"

சப்பாத்தின் நாடாவைக் கட்டி முடித்துக் கதவைத் திறந்தேன்.

"போயிட்டு வந்து சொல்லுறன்" என்றேன்.